நாத்தமா, வாடையா, நெடியா: ஆயில்ல இருந்து கேஸுக்கு மாத்துன பாய்லரும் மூணு சர்வீஸும்

குளிர்காலத்துல வீட்ட சூடாக்கற ஆயில் பாய்லர கேஸுக்கு மாத்தலாமான்னு யோசிச்சிட்டு இருக்கறவங்களுக்கும், மாத்திட்டு இப்ப பேஸ்மென்ட்ல மூக்க உறிஞ்சிட்டு நிக்கிறவங்களுக்கும் இந்த ரிவ்யூ. நீளமாத்தான் இருக்கும், ஏன்னா ஒரு குளிர்காலம் முழுக்க எங்கள ஆட்டி வெச்ச விஷயம் இது. கம்பெனி பேர் எதுவும் போடல, போட்டாலும் பிரயோஜனம் இல்ல. யார் பண்ணாங்கங்கறத விட என்ன பண்ணாம விட்டாங்கங்கறதுதான் முக்கியம்.

மொதல்ல மாத்தி குடுத்தவங்க. ரெண்டு ஸ்டார், அதுவும் நேரத்துக்கு வந்ததுக்காக. பாய்லர் பழசுதான், ஆனா இரும்பு பாடி நல்லா இருக்கு, அதனால பாய்லர வெச்சுக்கிட்டு ஆயில் பர்னர மட்டும் கழட்டிட்டு அதே இடத்துல கேஸ் கன்வர்ஷன் பர்னர் மாட்டலாம்னு சொன்னாங்க. அது தப்பில்ல, பாய்லர் அதுக்கு ஒத்துக்கற மாடலா இருந்தா தாராளமா செய்யலாம். காலைல வந்தாங்க, பர்னர கழட்டுனாங்க, கேஸ் லைன் இழுத்தாங்க, புது பர்னர மாட்டுனாங்க, பழைய புகைக்குழாய அப்படியே திரும்ப சொருகுனாங்க, சாயங்காலம் ஓட்டை வழியா எட்டிப் பாக்க சொல்லி "பாருங்க சார், நீலமா எரியுது"ன்னாங்க. நானும் பாத்தேன், நீலமாத்தான் எரிஞ்சுது. கையெழுத்து போட்டு குடுத்தேன். இதுல ஒரே ஒரு மீட்டர் கூட வெளிய வரலைங்கறது அப்ப எனக்கு உறைக்கவே இல்ல. தீ நீலமா இருக்குங்கறத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, நீலமா எரியற தீயிலயும் ஆளக் கொல்ற கார்பன் மோனாக்சைடு வாயு நூத்துக்கணக்கான பிபிஎம் (பத்து லட்சத்துல எத்தன பங்குங்கற கணக்கு) வரலாம்னு ரொம்ப பின்னாடிதான் தெரிஞ்சுகிட்டேன்.

மொத நாளே வாடை வந்துச்சு. கவனிங்க, நாத்தம் இல்ல, வாடை. மண்ணெண்ணெய் மாதிரி. போன் பண்ணா "புதுசு சார், நாலு நாள்ல போயிடும்"னாங்க. நியாயமா சொல்லணும்னா அதுல பாதி நிஜம். புது புகைக்குழாய் துண்டு மேல இருக்கற எண்ணெய், பர்னர் பெயின்ட், மரை வெட்டுறப்ப பைப்புல ஊத்துன கட்டிங் ஆயில் எல்லாம் மொத சில தடவ சூடாகறப்ப எரிஞ்சு வாடை வரும், அது தானா போயிடும். ஆனா பாய்லருக்குள்ள தீ எரியற அறைல இருக்கே தீச்செங்கல், அது வருஷக்கணக்கா ஆயில குடிச்சு ஊறிப் போயிருக்கும். பழைய ஆயில் பர்னர் சரியா பத்தாம சொட்டு விட்டிருந்தா கேக்கவே வேணாம். அந்த செங்கல மாத்தாம, கரியையும் சுரண்டாம மேல கேஸ் தீய வெச்சா அது ஊதுபத்தி மாதிரி நின்னு பொகையும். அப்புறம் டேங்க்ல இருந்து வந்த செம்புக் குழாய வெட்டி நுனிய லேசா நசுக்கி விட்டுட்டு போயிருந்தாங்க, அது தரைல சொட்டிட்டே இருந்துச்சு. வாடைக்கு பாதிக் காரணம் அதுதான். அத நானே ஒரு டப்பா வெச்சு கண்டுபிடிச்சேன், பெருமையா சொல்லிக்கறேன்.

மூணாவது வாரம் வந்தது நாத்தம்.

இத எங்க வீட்டம்மாதான் பிடிச்சாங்க. நான் ஒரு மணி நேரமா பேஸ்மென்ட்லயே உக்காந்து ஏதோ குடைஞ்சிட்டு இருந்தேன், எனக்கு ஒண்ணுமே தெரியல. வெளிய போயிட்டு வந்தவங்க படி எறங்கும்போதே "என்னங்க இது, அழுகுன முட்டை நாத்தம் அடிக்குது, உங்களுக்கு தெரியலையா?"ன்னாங்க. நிஜமாவே தெரியல. ஒரே வாசனைல உக்காந்திருந்தா மூக்கு மரத்துப் போயிடும், அந்த நாத்தம் இருக்குன்னு மூளைக்கு சொல்றதையே நிறுத்திடும். இது போதாதுன்னு இன்னொண்ணும் இருக்கு, புது இரும்பு பைப்பு கேஸ்ல கலந்திருக்கற வாசனைப் பொருள கொஞ்சம் உறிஞ்சிக்கும், அதனால மொத மொத லைன் போட்ட இடத்துல நாத்தம் கம்மியா தெரியலாம். அதனால என் மூக்குக்கு தெரியலைங்கறத ஆதாரமா எடுத்துக்காதீங்க. வெளிக்காத்துல நின்னுட்டு உள்ள வர்ற ஆள கேளுங்க.

கேஸுக்குன்னு சொந்தமா வாசனையே கிடையாது, அந்த முட்டை நாத்தம் மெர்காப்டன்னு ஒரு கந்தகப் பொருள வேணும்னே கலக்கறதால வர்றது. 1937 மார்ச் 18ல அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலத்துல நியூ லண்டன்னு ஒரு ஊர் பள்ளிக்கூடத்துல வாசனை இல்லாத கேஸ் கசிஞ்சு யாருக்கும் தெரியாம தேங்கி வெடிச்சுது, முன்னூறு பேர் கிட்ட செத்துட்டாங்க, பெரும்பாலும் குழந்தைங்க. அதுக்கப்புறம்தான் வாசனை கலக்கணும்னு அங்க சட்டமே வந்துச்சு. அதனால அந்த நாத்தம் அடிச்சா எரிச்சல் படாதீங்க, நம்மள காப்பாத்தறதுக்குன்னே சேத்த நாத்தம் அது. குழாய்ல வர்ற இந்த கேஸ்ல பெரும்பகுதி மீத்தேன்தான்; காத்துல அது 5 சதவீதத்துல இருந்து 15 சதவீதம் வரைக்கும் இருந்தா வெடிக்கும், அந்த அஞ்சு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே மூக்குல ஏர்ற மாதிரிதான் கலப்பாங்க.

நாங்க லைட் ஸ்விட்ச தொடல, எரிஞ்சிட்டு இருந்தத அணைக்கவும் இல்ல, அப்படியே செருப்ப கூட தேடாம வெளிய போய் நின்னு ரோட்ல இருந்துதான் போன் பண்ணோம். வீட்டுக்குள்ள நின்னு போன் பண்ணாதீங்க. மெழுகுவத்தி பிடிச்சு லீக் தேடற வீரர்கள் இன்னும் இருக்காங்கன்னு கேள்விப்பட்டேன், அவங்களுக்கு நான் சொல்ல ஒண்ணும் இல்ல.

ரெண்டாவது ரிவ்யூ, கேஸ் கம்பெனி எமர்ஜென்சி ஆளுங்க. அஞ்சு ஸ்டார், கண்ண மூடிட்டு. சீக்கிரம் வந்தாங்க, காசு கேக்கல, வாசல்லயே கைக்கருவி வெச்சு அளந்துட்டுதான் காலடி வெச்சாங்க. வந்த தம்பி பண்ணுன மொத வேலை எனக்கு ரொம்ப பிடிச்சுது. வீட்ல கேஸ்ல ஓடற எல்லாத்தையும் அணைச்சுட்டு மீட்டர்ல இருக்கற ரொம்ப சின்ன முள்ள பாத்துட்டே நின்னாரு. எதுவும் ஓடாதப்ப அந்த முள் நகர்ந்தா எங்கயோ கேஸ் போயிட்டு இருக்குன்னு அர்த்தம். நகர்ந்துச்சு. மெதுவா, ஆனா நகர்ந்துச்சு. அப்புறம் ஜாயிண்ட் ஜாயிண்ட்டா லீக் லிக்விட் அடிச்சிட்டே வந்தாரு, பர்னருக்கு ஒரு முழம் முன்னாடி, ரெண்டு பைப்ப சேத்து பூட்டற யூனியன்ல குமிழ் குமிழா நுரை தள்ளிச்சு. ரெண்டு பைப்பும் நேரா வராம இழுத்து பூட்டியிருக்காங்க, அதனால யூனியனோட ரெண்டு முகமும் ஒண்ணு மேல ஒண்ணு சரியா உக்காரல. மேல பூச்சு பூசி மறைச்சிருக்காங்க வேற. யூனியன்ல அடைக்கிறது அந்த ரெண்டு உலோக முகம்தான், பைப்பு மரைல பசை தடவற மாதிரி மேல தடவி ஒரு புண்ணியமும் இல்ல. வால்வ மூடி, சிவப்பு சீட்டு கட்டிட்டு, சரி பண்ற வரைக்கும் தெறக்கக் கூடாதுன்னுட்டாரு.

மொத கம்பெனி வந்து யூனியன மாத்தி பைப்ப நேராக்கி குடுத்தாங்க. மன்னிப்பு கேட்டாங்களான்னு கேக்காதீங்க.

நடுவுல நானும் ரெண்டு பொருள் வாங்குனேன், அதையும் சொல்லிடறேன். ஒண்ணு லீக் லிக்விட் ஸ்ப்ரே, இது கண்டிப்பா வாங்கலாம். பாத்திரம் தேய்க்கற சோப்புத் தண்ணி போதாதான்னா நுரை வரும்தான், ஆனா அமோனியா கலந்த க்ளீனர் எதையும் பித்தளை ஜாயிண்ட் மேல அடிச்சிடாதீங்க, பித்தளை நாளாவட்டத்துல விரிசல் விட்ரும். எத அடிச்சாலும் பாத்துட்டு தொடைச்சிடணும். இன்னொண்ணு கையில பிடிக்கற கேஸ் டிடெக்டர், சின்ன வளையற கழுத்தோட வர்றது. இது ரெண்டரை ஸ்டார். கேஸுக்கும் கத்தும், சென்ட்டுக்கும் கத்தும், பெயின்ட் தின்னருக்கும் கத்தும். இது கத்துனா தேடுங்க, ஆனா கத்தலைன்னு நிம்மதியா தூங்கப் போயிடாதீங்க.

யூனியன் மாத்தி ஒரு வாரம் கழிச்சு திரும்ப முட்டை நாத்தம். எனக்கு வயித்த கலக்கிடுச்சு. திரும்ப வெளிய ஓட்டம், திரும்ப போன், திரும்ப அதே தம்பி. மீட்டர் முள் அசையல. கருவி பூஜ்யம் காட்டுது. அவர் பேஸ்மென்ட் தரைல இருக்கற டிரெயின் ஓட்டைகிட்ட குனிஞ்சு மோந்து பாத்துட்டு சிரிச்சாரு. அந்த டிரெயினுக்கு கீழ வளைவுல எப்பவும் தண்ணி நிக்கணும், அந்தத் தண்ணிதான் சாக்கடை வாயு மேல வராம தடுக்கறது. பாய்லர் சூட்டுல மாசக்கணக்கா தண்ணி வத்தி வளைவு காஞ்சு போச்சு, சாக்கடைல இருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு நேரா மேல வருது. அதுவும் முட்டை நாத்தம்தான். ஒரு பக்கெட் தண்ணி ஊத்துனோம், அரை மணி நேரத்துல நின்னுடுச்சு. தண்ணி மேல கொஞ்சம் சமையல் எண்ணெய் ஊத்தி வெச்சா சீக்கிரம் வத்தாதுன்னு சொல்லிட்டு போனாரு, பண்ணி வெச்சிருக்கேன், இன்னிக்கு வரைக்கும் பிரச்சனை இல்ல. எனக்கு வெக்கமா போச்சு, ஆனா அவர் "சந்தேகம் வந்தா நூறு தடவ கூப்பிடுங்க, வெறும் டிரெயினா இருந்தா எங்களுக்கும் சந்தோஷம்"னாரு. சூடு தண்ணி குழாய தெறக்கறப்ப மட்டும் நாத்தம் வந்தா அது வாட்டர் ஹீட்டர் டேங்குக்குள்ள இருக்கற மெக்னீசிய கம்பியோட வேலையா இருக்கலாம், அதுக்கும் பாய்லருக்கும் சம்பந்தமே இல்லன்னும் சொன்னாரு.

இப்ப நெடிக்கு வருவோம். உண்மையிலேயே ஆபத்தா இருந்தது இதுதான், இதத்தான் மொத கம்பெனி ரெண்டு தடவ வந்தும் சோப்புத் தண்ணி அடிச்சுட்டு "லீக் இல்ல சார்"னு போனாங்க. லீக் இல்லதான். கேஸ் பைப்புல லீக் இல்ல. ஆனா கண்ணக் கரிக்குது, மூக்கு உள்ள குத்துது, சில நாள் பர்னர் ஆன் ஆகறப்ப தொம்முனு ஒரு சத்தம், அப்புறம் அந்த நெடி. கொஞ்ச நேரத்துல போயிடும். அவங்க வர்றப்ப இருக்காது. இத போன்ல சொல்றதுக்குள்ள உயிர் போயிடும், ஏன்னா அவங்களுக்கு எல்லாமே 'ஸ்மெல்'தான், நம்ம பாஷைல இருக்கற மூணு வார்த்தைக்கும் அவங்ககிட்ட ஒரே வார்த்தை.

மூணாவது ரிவ்யூ, தனியா வேலை பாக்கற ஒரு வயசான டெக்னீஷியன். தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் "மீட்டர் வெச்சு அளக்கற ஆளா பாத்து கூப்பிடுடா, பேசற ஆள விடு"ன்னு சொல்லி நம்பர் குடுத்தாரு. அவருக்கு அஞ்சு ஸ்டார் பத்தாது. போன்லயே அவர் கேட்டது எங்க நாத்தம் அடிக்குதுன்னு இல்ல, எப்ப அடிக்குதுன்னு. பர்னர் ஆன் ஆகறப்பயா, ஓடிட்டு இருக்கறப்பயா, அணைஞ்சப்புறமா, எப்பவுமேவா? அப்ப வீட்ல வேற என்ன ஓடிட்டு இருந்துச்சு? காத்து அடிச்சுதா? ஒரு நோட்டுல அஞ்சு நாள் எழுதி வெச்சுட்டு கூப்பிடுங்கன்னாரு. நான் கடுப்பாத்தான் எழுதுனேன். அஞ்சாவது நாள் பாத்தா எட்டு தடவ நெடி வந்ததுல ஆறு தடவ துணி காய வைக்கற டிரையர் ஓடிட்டு இருந்திருக்கு.

அவர் விளக்குனது இது. எப்பவுமே நாத்தம்னா பைப்பு லீக் பக்கம் பாக்கணும். ஆன் ஆகறப்ப மட்டும்னா தீ பத்தறதுல தாமதம், இல்ல புகை சிம்னிக்கு போகாம திரும்பி வீட்டுக்குள்ள வருது. அணைஞ்சப்புறம் நாத்தம்னா கேஸ் வால்வ் முழுசா மூடாம கசியுது. நம்மளுது ஆன் ஆகறப்ப, அதுவும் டிரையர் ஓடறப்ப. டிரையர் வீட்டுக் காத்த வெளிய தள்ளும், சமையலறை ஃபேனும் தள்ளும், அந்த இடத்துக்கு காத்து எங்கயிருந்தாவது வரணும்ல, சன்னல் எல்லாம் இறுக்கி அடைச்ச வீட்ல அது சிம்னி வழியா எறங்கி வரும். பாய்லர் புகையையும் கூட்டிட்டு. அந்த நெடி அரைகுறையா எரிஞ்ச கேஸ்ல வர்ற ஆல்டிஹைடு. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆனா ஆல்டிஹைடு நெடி வந்தா கூடவே அதுவும் வரலாம்னு எடுத்துக்கணும்னாரு. எங்க அலாரம் கத்தலயேன்னு கேட்டேன். நிறைய வீட்டு அலாரம் 50, 70 பிபிஎம் அளவு கிட்டத்தட்ட ஒரு மணி நேரமாவது தொடர்ந்து இருந்தாத்தான் கத்தும், பத்து நிமிஷம் வந்து போறதுக்கு வாயே தெறக்காதுன்னாரு. அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல.

அவர் பண்ணுன சோதனைய நேர்ல பாக்கணும். டிரையர், எல்லா ஃபேனும் ஓட விட்டு, கதவெல்லாம் சாத்தி, பாய்லர ஆன் பண்ணி, புகைக்குழாய்ல சிம்னியோட இழுப்ப சமன் பண்றதுக்கு ஆடற தடுப்புக் கதவுகிட்ட ஒரு ஊதுபத்திய பிடிச்சாரு. கேஸ் லீக் இல்லன்னு அளந்து பாத்தப்புறம்தான், இத நீங்க சும்மா பண்ணாதீங்க. ஊதுபத்தி புகை உள்ள இழுத்துட்டு போகணும். போகல. திரும்பி எங்க மூஞ்சிலயே அடிச்சுது. அஞ்சு நிமிஷம் ஆகியும் அப்படித்தான். அப்புறம் புகைக்குழாய்ல துளை போட்டு, புகைல என்னென்ன எவ்வளவு இருக்குன்னு அளக்கற அனலைசர் குச்சிய சொருகுனாரு. ஆக்சிஜன் ரொம்ப கம்மி, கார்பன் மோனாக்சைடு நூத்துக்கணக்குல. மீட்டர் முள்ள வாட்ச் வெச்சு நேரம் பாத்து கேஸ் எவ்வளவு போகுதுன்னு கணக்கு போட்டாரு, பாய்லர் பிளேட்ல போட்டிருக்கறதுக்கு மேல போயிட்டு இருந்துச்சு. அதாவது மொத ஆளுங்க பர்னர மாட்டிட்டு அழுத்தத்த அளக்கவே இல்ல.

சிம்னி அடில இருக்கற சுத்தம் பண்ற கதவ தெறந்தாரு பாருங்க, ஒரு வாளி நெறைய ஈரக் கரியும் ஓட்டு சில்லும். இதுக்கு காரணம் சொன்னப்பதான் மொத்த கதையும் வெளங்குச்சு. ஆயில் புகை சூடு அதிகம், சிம்னிய காய வெச்சே வெச்சிருக்கும், கரி சுவத்துல ஒட்டிட்டு கெடக்கும். கேஸ் எரிஞ்சா நீராவி ஜாஸ்தி, ஒரு கன மீட்டர் கேஸுக்கு சுமார் ஒன்றரை லிட்டர் தண்ணி வரும். புகையும் அவ்வளவு சூடு இல்ல, 55 டிகிரி கிட்ட எறங்குனா நீராவி தண்ணியாயிடும். பெரிய பழைய சிம்னிக்குள்ள அது வேர்த்து ஊத்தி, ஆயில் காலத்து கரில இருக்கற கந்தகத்தோட சேந்து அமிலமாகி, சுண்ணாம்பு சாந்த அரிச்சு, எல்லாம் பொலபொலன்னு கீழ விழுந்து புகை போற வழியவே அடைச்சிருச்சு. அந்த தடுப்புக் கதவும் ஆயில் காலத்துது, உள்பக்கம் மட்டும்தான் ஆடும். கேஸுக்கு ரெண்டு பக்கமும் ஆடறது போடணும், கூடவே புகை திரும்பி வந்தா சூட்ட உணர்ந்து பர்னர அணைக்கற ஸ்விட்ச் ஒண்ணு. ரெண்டுமே இல்ல.

அவர் ஒரே மூச்சா சரி பண்ணல, அதுவும் எனக்கு பிடிச்சுது. அன்னிக்கே பாய்லர அணைச்சுட்டு போயிட்டாரு, குளிர்ல ரெண்டு நாள் மின்சார ஹீட்டர வெச்சு ஓட்டுனோம். வீட்டம்மா திட்டுனாங்க, அவர இல்ல, என்னத்தான். அப்புறம் சிம்னிய முழுசா தேச்சு சுத்தம் பண்ணி உள்ள லைனர்னு ஒரு ஸ்டெயின்லெஸ் குழாய் எறக்குனாங்க, அளவு பாய்லருக்கு ஏத்த மாதிரி. கரிய எடுக்காம லைனர் மட்டும் எறக்குனா வெளிப்பக்கத்துல இருந்தே அரிச்சுடும்னாரு. ஊறிப் போன தீச்செங்கல தூக்கிப் போட்டு புதுசு வெச்சாரு, எண்ணெய் வாடை அன்னையோட போச்சு. பர்னர்ல தீப்பொறி போடற எலெக்ட்ரோட் இடைவெளி தப்பா இருந்தத சரி பண்ணதுல அந்த தொம்மு சத்தமும் போச்சு. அந்த சத்தம் வேற ஒண்ணும் இல்ல, பத்தாம தேங்குன கேஸ் மொத்தமா ஒரே நேரத்துல பிடிக்கறது, அத வீட்டுக்குள்ள நடக்கற குட்டி வெடிப்புன்னு சொன்னா மிகையில்ல. பாய்லர் ரூமுக்கு வெளிக்காத்து வர தனியா ஒரு வழி. கடைசியா அழுத்தம், காத்து எல்லாம் செட் பண்ணி அனலைசர்ல வந்த எண்ணெல்லாம் அச்செடுத்து பாய்லர் பக்கத்துல ஒட்டிட்டாரு. கார்பன் மோனாக்சைடு ரெண்டு இலக்கத்துலயே கம்மியா இருந்துச்சு. திரும்ப டிரையர ஓட விட்டு ஊதுபத்தி பிடிச்சாரு, புகை சொய்ங்னு உள்ள போச்சு.

குறைன்னு சொல்லணும்னா மனுஷன் போன எடுக்கவே மாட்டாரு, மூணு தடவ அடிச்சா ஒரு தடவ. பில்லும் கம்மி இல்ல. லைனரோட சேத்து பாத்தா மொத மாத்தறதுக்கு ஆன செலவுல பாதிக்கு மேல திரும்ப ஆச்சு, மொத கம்பெனி கொட்டேஷன் ஏன் அவ்வளவு சல்லிசா இருந்துச்சுன்னு அப்பதான் புரிஞ்சுது. சிம்னி பத்தி ஒரு வரி கூட இல்லாத கொட்டேஷன் அது, திரும்ப எடுத்து படிச்சு பாத்தேன். உங்க கைல இருக்கற கொட்டேஷன்லயும் லைனர், தடுப்புக் கதவு, அனலைசர் ரீடிங், டேங்க் எடுக்கறது இந்த நாலும் எழுதியிருக்கான்னு பாருங்க, இல்லன்னா எழுதி வாங்குங்க.

டேங்க்னதும் ஞாபகம் வருது. அவர் கெளம்பறப்ப வீட்ட சுத்தி ஒரு நடை நடந்துட்டு வெளிச்சுவத்துல நீட்டிட்டு இருக்கற பழைய ஆயில் ஊத்தற குழாய காட்டுனாரு. டேங்க எடுத்துட்டு அந்த குழாய மட்டும் விட்டுட்டா, விலாசம் மாத்தி வர்ற ஆயில் லாரி அதுல சொருகி நூத்துக்கணக்கான லிட்டர நேரா பேஸ்மென்ட் தரைல ஊத்திட்டு போயிடும், நிறைய வீட்ல நடந்திருக்குன்னாரு. எங்களுது டேங்க் இன்னும் உள்ளதான் கெடக்கு, பாதி ஆயிலோட. அடுத்த வாரம் வர்றேன்னிருக்காரு, அதுவரைக்கும் அந்த குழாய் மூடிக்கு பூட்டு போட்டு மேல ஒரு அட்டைல 'ஆயில் வேண்டாம்'னு எழுதி கட்டி வெச்சிருக்கேன்.